பேட்டரிக்கு எது நல்ல தண்ணீர்?

வேதாரண்யம் பக்கம் ‘நல்ல தண்ணி’ என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும், வாயில் வைத்தால் இனிக்கும். அது நல்ல தண்ணி. கைபம்பில் அடித்து வாயில் விட்டால் கரிக்கிறதா, அது உப்புத் தண்ணி. பாத்திரம் கழுவ, மாடு குளிப்பாட்ட. உப்பளத்தை ஒட்டிய ஊர் என்பதால் இரண்டையும் பிரித்தறியும் நாக்கு எங்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும். கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து வைத்து, அளந்து அளந்து செலவழித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்த நாக்கை நம்பித்தான் அப்பா இரண்டு பேட்டரிகளை இழந்தார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. தென்னையும் மின்கம்பமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கழிந்த அந்த இரவுகளுக்குப் பிறகு, இனி ஒருநாளும் இப்படி இருட்டில் உட்காரக் கூடாது என்று அப்பா முடிவெடுத்தார். மாடியில் சோலார் பேனல்கள் ஏறின. கூடத்து மூலையில் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள் இரண்டு வந்து உட்கார்ந்தன. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது ஒரு போக நெல் விற்ற காசு.

அப்பா அவற்றை மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். ஈரத்துணியால் துடைப்பார். மிதவை இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். இறங்கினால் உடனே தண்ணீர் ஊற்றுவார். அப்படியும் மூன்றாவது வருஷம் பேட்டரி படுத்துவிட்டது. பகல் முழுக்க வெயில் காய்ந்தும், ராத்திரி ஒரு ஃபேனும் இரண்டு லைட்டும் போட்டால் ஒன்பது மணிக்கே இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது.

எலக்ட்ரீஷியன் வந்தார். மூடிகளைத் திருகிக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய அமிலக் கரைசல் கலங்கிச் செம்பழுப்பாகக் கிடந்தது. அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு உறிஞ்சினார். நாள் முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 1240 காட்ட வேண்டிய இடத்தில் எந்த செல்லும் 1180ஐத் தாண்டவில்லை.

“ஐயா, என்ன தண்ணி ஊத்துறீங்க?”

“கேன் தண்ணிதாம்ப்பா. கேன் வரலேன்னா குழாய்த் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, வேட்டித் துணியில வடிகட்டி ஊத்துவேன். உப்புத் தண்ணிய நான் தொட்டதே இல்ல.”

“நீங்க குடிக்கிறதுக்கு அது நல்ல தண்ணிங்கய்யா. பேட்டரிக்கு அதுவும் உப்புத் தண்ணிதான்.”

பையிலிருந்து பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டரை எடுத்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலு பிளாஸ்டிக் டம்ளரில் நாலு தண்ணீர் வைத்தோம். கைபம்புத் தண்ணீரில் முக்கியதும் மீட்டர் நாலு இலக்கத்துக்குப் போனது. கொதித்து ஆறிய குழாய்த் தண்ணீர் மூன்று இலக்கம். கேன் தண்ணீர் இரண்டு இலக்கம். அவர் வண்டியில் வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரில் 2 என்று காட்டி நின்றது. அப்பா அந்த நாலாவது டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “சப்புன்னு இருக்குப்பா” என்றார்.

பேட்டரிக்கு வேண்டியது அந்தச் சப்பென்ற தண்ணீர்தான். தண்ணீருக்கு ருசி தருவதே அதில் கரைந்திருக்கும் உப்புகள். நம் நாக்கு எதைத் தேடிப் பாராட்டுகிறதோ அது பேட்டரிக்குள் போகக் கூடாது. கோவைக்காரர்கள் பெருமையோடு சொல்லும் சிறுவாணித் தண்ணீரானாலும் இதுதான் கணக்கு. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும், மாடிக்கு மாடி சோலாரும் வந்துவிட்ட பிறகும், இந்த ஒரு விஷயத்தை யாரும் வாங்கும் நேரத்தில் உட்காரவைத்துச் சொல்வதில்லை. பேட்டரியோடு வரும் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும் வயதில் எங்கள் அப்பா இல்லை.

உள்ளே போன தண்ணீர் எங்கே போகிறது?

ஈய-அமில பேட்டரி பழைய சாமான். பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே 1859இல் செய்து காட்டியது. ஈயத் தகடுகள், அவற்றுக்கிடையே நீர்த்த கந்தக அமிலம். அடிப்படை இன்றும் அதுவே. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் ஒன்றில் ஆறு செல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, ஒரு மிதவை.

சார்ஜ் ஏறும்போது முதலில் மின்சாரம் தகடுகளை மாற்றும் வேலையில் செலவாகிறது. தகடுகள் நிரம்பியபின் வரும் மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை. அது தண்ணீரை உடைக்கத் தொடங்குகிறது. ஒரு செல்லில் ஏறத்தாழ 2.4 வோல்ட், அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது உள்ளே குமிழி கிளம்பும். காதை வைத்துக் கேட்டால் உலை கொதிப்பதுபோல் மெல்லிய சத்தம். அந்தக் குமிழிகள் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும். மூடியிலுள்ள துளை வழியே அவை வெளியேறுகின்றன. அமிலம் எங்கும் போவதில்லை. குறைவது தண்ணீர் மட்டும்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. தேவைக்கு மேல் ஏறும் ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல்லில் மூன்றில் ஒரு கிராம் தண்ணீர் உடைகிறது. ஆறு செல்லுக்குச் சேர்த்து 2 கிராம். சோலாரில் நாள்தோறும் இப்படி 5 ஆம்பியர்-மணி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 10 கிராம்; வருஷத்துக்கு மூன்றரை லிட்டருக்கு மேல். கரண்ட் போனால் மட்டும் வேலை செய்யும் இன்வெர்ட்டர் பேட்டரி இவ்வளவு குடிக்காது. சோலார் பேட்டரி ஒவ்வொரு பகலும் நிரம்பி, ஒவ்வொரு ராத்திரியும் வடிகிறது. அதனால்தான் அதற்கு ஊற்றும் தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: டியூபுலர் பேட்டரியின் நேர்த்தகட்டு முதுகெலும்பில் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்திருக்கும். வருஷம் ஆக ஆக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர்த்தகட்டில் போய்ப் படியும். படிந்தால் தண்ணீர் இன்னும் எளிதாக உடையும். பேட்டரிக்கு வயதாக ஆகத் தாகம் கூடுவது இப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் நாலாவது வருஷத்தில் மாதாமாதம் ஊற்ற வேண்டி வந்தால், அதற்கு இது ஒரு காரணம்.

கூடத்துக்குள் ஓர் உப்பளம்

எங்கள் ஊரில் உப்பு எப்படி விளைகிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சுவார்கள். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். உப்பு தங்கிவிடும். மறுபடி பாய்ச்சுவார்கள், மறுபடி தங்கும். பேட்டரியில் வெயிலின் வேலையை மின்சாரம் செய்கிறது. வெளியேறுவது தூய ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும். நீங்கள் ஊற்றிய தண்ணீரில் இருந்த ஒவ்வொரு துளி உப்பும் உள்ளேயே கிடக்கிறது, அடுத்த முறை ஊற்றும் தண்ணீரின் உப்புக்காகக் காத்துக்கொண்டு.

லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புள்ள போர்த் தண்ணீரை ஊற்றினால், மேலே சொன்ன மூன்றரை லிட்டர் கணக்கில் வருஷத்துக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு சேரும். ஐந்து வருஷத்தில் 25 கிராம், ஒரு கைப்பிடி. லிட்டருக்கு 3 மில்லிகிராம் மட்டுமே உள்ள டிஸ்டில்டு வாட்டர் என்றால் வருஷம் முழுக்கச் சேருவது 10 மில்லிகிராமைச் சுற்றித்தான். சிட்டிகையில்கூட எடுக்க முடியாது.

எல்லா உப்பும் ஒரே மாதிரி கெடுதல் செய்வதில்லை. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு உப்பு, கந்தக அமிலத்தைச் சந்தித்ததும் ஜிப்சமாக மாறி அடியில் இறங்கும். அது நல்லதில்லை என்றாலும், கூட வருகிற மற்றவற்றை ஒப்பிட்டால் சாது. மோசமானது இரும்பு. அது எதிர்த்தகட்டிடம் போய் ஒரு வடிவம் எடுக்கும். அங்கிருந்து மிதந்து நேர்த்தகட்டுக்கு வந்து இன்னொரு வடிவம் எடுக்கும். மறுபடி எதிர்த்தகட்டுக்குப் போகும். போகும்போதும் வரும்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துவைத்த மின்சாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஸ்விட்ச் எதையும் போடாமலேயே, யாரும் பயன்படுத்தாமலேயே பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். இதில் இரும்பு தீர்ந்துபோவதே இல்லை. ஒருமுறை உள்ளே போனால் அந்த பேட்டரியின் ஆயுள் முழுக்க அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது குளோரைடு. கடலோரத் தண்ணீரில் இது தாராளம். குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கப் போடும் குளோரினும் கடைசியில் இதில்தான் போய்ச் சேர்கிறது. இது நேர்த்தகட்டின் ஈயத்தை அரிக்கும். செம்பு, நிக்கல் போன்றவை எதிர்த்தகட்டில் படிந்து, குமிழி கிளம்புவதை எளிதாக்கும். தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றினால் மறுபடி அதே தண்ணீரை ஊற்றுவோம். எங்கள் வீட்டு பேட்டரி கடைசி வருஷத்தில் அத்தனை தண்ணீர் குடித்ததற்கு அப்பா ஊற்றிய தண்ணீரும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோது, அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் பாத்துப் பாத்துத்தானே ஊத்துனேன்” என்றார். காசு போனதைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஒவ்வொரு தண்ணீராக

கொதிக்கவைத்த தண்ணீரில் தொடங்குகிறேன். நிறையப் பேர் மனதில் ‘காய்ச்சினால் சுத்தம்’ என்பது ஆழமாகப் பதிந்திருக்கிறது. கிருமிக்கு அது சரி. உப்புக்கு அது பொருந்தாது. கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படியும். மற்றதெல்லாம் தண்ணீரிலேயே நிற்கும். ஆவியாகப் போகும் தண்ணீர் உப்பை எடுத்துப் போகாததால், மீந்த தண்ணீரில் லிட்டருக்கான உப்பு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும். கரைந்த உப்பு நிற்காது.

கேன் தண்ணீரும் பாட்டில் தண்ணீரும் குடிப்பதற்காகச் செய்தவை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விட்டுக்கொடுக்கிறது. உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. பேட்டரியில் ஊற்றும் தண்ணீருக்கு ஐ.எஸ். 1069 என்று தனியாகவே ஒரு தரநிலை இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவுகோலில் பார்க்க முடியாது என்பதால்தானே தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீட்டு ஆர்.ஓ. மெஷின் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஆர்.ஓ. பெரும்பகுதி உப்பை நீக்கும், முழுவதையும் நீக்காது. உள்ளே போகும் தண்ணீரில் 1,500 இருந்தால் வெளியே வருவதில் நூறைச் சுற்றி இருக்கலாம். போதாததற்கு, பல மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் ஏற்பாடு, அல்லது தாது உப்பு சேர்க்கும் குப்பி இருக்கும். குடிக்க நல்லது. பேட்டரிக்கு வேண்டாம். அடுக்குமாடிகளில் வைக்கும் சாஃப்ட்னர் இதைவிட ஏமாற்றும். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. சோப்பு நுரைக்கும், பைப் அடைக்காது; ஆனால் மொத்த உப்பு அப்படியேதான் இருக்கும், குளோரைடு உட்பட.

ஏ.சி. தண்ணீர்தான் கொஞ்சம் சிக்கலானது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வந்தது. அடிப்படையில் வடித்த தண்ணீர்போலத்தான். டி.டி.எஸ். மீட்டரில் வைத்தால் குறைவாகவே காட்டும். “காசில்லாம கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் சார்” என்று வீடியோ போடுகிறவர்கள் உண்டு. ஆனால் அது வந்த வழியைப் பாருங்கள்: செம்புக் குழாய், அலுமினியச் சிறகுகள், அவற்றில் ஒட்டிய தூசி, பூஞ்சை, அழுக்குத் தட்டு, பல வருஷம் கழுவாத ஹோஸ். மீட்டர் எவ்வளவு உப்பு என்றுதான் சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. பத்து மில்லிகிராம் சுண்ணாம்பும் பத்து மில்லிகிராம் செம்பும் அதற்கு ஏறத்தாழ ஒன்றுதான். பேட்டரிக்கு ஒன்றே இல்லை. போர்த் தண்ணீரை ஊற்றுவதைவிட ஏ.சி. தண்ணீர் எவ்வளவோ மேல் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய்க் கேனை மிச்சம் பிடிக்க நான் அதை ஊற்ற மாட்டேன்.

மழைத்தண்ணீர் என் மனதுக்கு நெருக்கமானது. வானத்தில் வடித்த தண்ணீர். வெட்டவெளியில் கால் மணி நேரம் பெய்து தூசி அடங்கிய பிறகு, சுத்தமான பிளாஸ்டிக் அகல் பாத்திரத்தை நேராக வானத்துக்குக் காட்டிப் பிடித்தால், உள்நாட்டு ஊர்களில் மிகக் குறைந்த உப்புள்ள தண்ணீர் கிடைக்கும். நெருக்கடிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தகரக் கூரையில் விழுந்து வழிந்தது ஆகாது. துத்தநாகமும் இரும்பும் கூடவே வரும். 2003இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியில் கிடப்பதும் ஆகாது. அது மொட்டைமாடியையும் சிமென்ட்டையும் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர். எங்களைப் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு பறக்கிறது; மழையிலும் அது இறங்கும்.

ஆக மிஞ்சுவது கடையில் ‘பேட்டரி வாட்டர்’ என்று விற்கும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது டி.எம். வாட்டர். முதலாவது, கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்து எடுத்தது. இரண்டாவது, பிசின் மணிகள் நிறைத்த குழாய்கள் வழியே பாய்ச்சி உப்பைப் பிடித்துக்கொள்ள வைத்து எடுத்தது. லேபிளில் எது எழுதியிருந்தாலும் சந்தையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் வருகிறது. சரியாகச் செய்திருந்தால் இரண்டும் ஒன்றே. ‘சரியாக’ என்பதில்தான் விஷயம். பிசின் நிரம்பிவிட்டால் உப்பைப் பிடிக்காமல் விட்டுவிடும். அதைப் புதுப்பிக்காமல் ஓட்டினால் கேனில் வருவது சாதாரணத் தண்ணீர். புது பேட்டரி வாங்கியபின் நான் முதன்முதலில் வாங்கிய கேனில் பளபளவென்று லேபிள் இருந்தது. மீட்டரில் வைத்தால் 90க்கு மேல் ஓடியது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் வேறு கேனை எடுத்துக் கொடுத்தார். அது 3. அன்றிலிருந்து மீட்டரோடுதான் கடைக்குப் போகிறேன். 5க்குள் இருந்தால் வாங்குகிறேன். பத்தைத் தாண்டினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்குவதில்லை.

மீட்டரைத் தண்ணீரில் மட்டும் வையுங்கள். பேட்டரிக்குள் விட்டுப் பார்க்காதீர்கள். அங்கே இருப்பது அமிலம். மீட்டர் பாழாகும், கையும் வெந்துபோகும்.

கையில் காசைவிட வெயில் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு: சூரிய வடிகலம். கறுப்புப் பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர், அதன்மேல் சாய்த்த கண்ணாடி, கண்ணாடியின் உட்புறத்தில் பூத்து வழியும் நீரைப் பிடிக்க ஓர் ஓரத்தில் பிளாஸ்டிக் வாய்க்கால். ஒரு சதுர மீட்டருக்கு நல்ல வெயில் நாளில் இரண்டு மூன்று லிட்டர் வரை வடியும். ஒரு வீட்டு பேட்டரிக்கு வருஷத்தில் இரண்டு நாள் வெயில் போதும். செம்பு, பித்தளை, இரும்பு எதுவும் தண்ணீரைத் தொடாதபடி செய்தால் போதும். உப்பளத்து ஊரில், எச்சமாகும் உப்பை விட்டுவிட்டு ஆவியாகும் தண்ணீரைப் பிடிக்கும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எப்போது, எவ்வளவு

நல்ல தண்ணீரை வாங்கி வந்தும் ஊற்றும் நேரத்தில் தவறு செய்கிறவர்கள் அதிகம். பேட்டரி முழுச் சார்ஜ் ஆன பிறகு, அதாவது சோலார் வீட்டில் நல்ல வெயில் நாளின் சாயங்காலத்தில் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது கரைசல் விரியும், குமிழியும் சேர்ந்து மட்டத்தை உயர்த்தும். காலையில் இறங்கிக் கிடக்கும் மட்டத்தைப் பார்த்து நிறைய ஊற்றினால், நடுப்பகலில் அமிலம் மூடி வழியே பொங்கி வழியும். வழிந்த அமிலம் போனது போனதுதான். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூப்பது பெரும்பாலும் அப்படி வந்ததே. அதற்குத் தண்ணீரில் கரைத்த ஆப்பசோடாவைத் தொட்டுத் துடைத்து, காயவைத்து, வாஸ்லின் தடவினால் போதும். துடைக்கும்போது மூடிகள் இறுக்கி மூடியிருக்க வேண்டும். சோடாத் துளி உள்ளே விழுந்தால் அங்கிருக்கும் அமிலத்தைத் தின்றுவிடும்.

ஒரு விதிவிலக்கு: தகடு வெளியே தெரியுமளவு வற்றியிருந்தால் சார்ஜுக்குக் காத்திருக்கக் கூடாது. தகடு மூழ்குமளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, சார்ஜ் ஆனபின் மீதியை ஊற்றுங்கள். காற்றில் காய்ந்த தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்படும். அது திரும்ப உயிர்பெறுவது கடினம்.

மட்டம் குறைந்தால் அமிலம் ஊற்றச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். குறைந்தது தண்ணீர், அமிலம் அங்கேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் கரைசல் காரமாகித் தகடுகளை அரிக்கும். ஹைட்ரோமீட்டர் அன்றைக்கு நல்ல எண் காட்டும், பேட்டரி சீக்கிரம் போகும். அமிலம் வழிந்து கொட்டிப்போன நேரத்தில் மட்டும், தெரிந்த மெக்கானிக் கையால் சரிசெய்ய வேண்டிய வேலை அது.

ஊற்றும்போது பிளாஸ்டிக் புனலும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும்; அருகில் தீக்குச்சியும் சாமி விளக்கும் வேண்டாம். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கும். பூஜை அலமாரிக்குக் கீழே பேட்டரி வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். பேட்டரித் தண்ணீரை வந்த கேனிலேயே வையுங்கள். சில்வர் குடத்திலோ பித்தளைச் செம்பிலோ ஊற்றி வைத்தால், உப்பே இல்லாத அந்தத் தண்ணீர் உலோகத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். அமிலமும் இதேபோன்ற வெள்ளைக் கேனில்தான் விற்கிறது. பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பேட்டரி அளவுக்கு மீறிக் குடித்தால், தண்ணீரோடு இன்வெர்ட்டரையும் சந்தேகிக்க வேண்டும். பின்பக்கம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது தவறான இடத்தில் நின்றால் தேவைக்கு மேல் வோல்ட் ஏறி, தண்ணீரை வேகமாக உடைக்கும், அல்லது பேட்டரி என்றைக்கும் நிரம்பாது. வெயில் காலத்தில் 10 டிகிரி சூடு கூடினால் சார்ஜ் வோல்ட்டை 12 வோல்ட் பேட்டரிக்குக் கால் வோல்ட் அளவு குறைக்க வேண்டும். நல்ல சார்ஜ் கன்ட்ரோலர் இதைத் தானே செய்யும், சூட்டை அளக்கும் ஒயரைப் பேட்டரியில் ஒட்டியிருந்தால். எங்கள் வீட்டில் அந்த ஒயர் பெட்டிக்குள்ளேயே சுருட்டிக் கிடந்தது. மூன்று வருஷம் யாரும் எடுத்து ஒட்டவில்லை.

மூடி இல்லாத எஸ்.எம்.எஃப்., ஜெல் பேட்டரிகளுக்கு இதெல்லாம் தேவையில்லை. அவற்றைத் திறக்க முயலவே கூடாது. லித்தியத்துக்கும் தண்ணீர் கிடையாது. பல வீடுகள் அதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் விலை, ஊரிலேயே கிடைக்கும் மெக்கானிக், பழசைக் கொடுத்தால் கழித்துக்கொள்ளும் வசதி என்று பார்க்கும் குடும்பங்களில் டியூபுலர் இன்னும் பல வருஷம் இருக்கும். இரண்டு வருஷம் முன்னதாகச் செத்துப்போகும் ஒவ்வொரு பேட்டரியும் பல கிலோ ஈயம். அது பதிவு பெற்ற ஆலைக்குப் போகாமல் எங்கோ ஒரு கொட்டகையில் உருக்கப்பட்டால், அந்தப் புகையை மூச்சில் இழுப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகள். எங்கள் பழைய இரண்டையும் எடைக்கடைக்குப் போடாமல், புதுசு வாங்கிய இடத்திலேயே ரசீதோடு கொடுத்தோம்.

இப்போது அப்பாவின் பேட்டரிக்கு மேலே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவர் குறித்து வைக்கிறார்: தேதி, எந்தெந்த செல்லுக்கு எத்தனை மில்லி, கேனில் மீட்டர் காட்டிய எண். இருமல் மருந்தோடு வந்த அளவு மூடியால் அளந்து ஊற்றுகிறார். மிதவையின் சிவப்பு மறைந்து பச்சை தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார். ஐப்பசி மழையில் வெயிலே இல்லாமல் பேட்டரி நிரம்பாத வாரங்களில் தண்ணீரும் குறையவில்லை என்று அவரே கண்டுபிடித்து எனக்குப் போன் செய்தார்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். “முதல் பேட்டரில நாலாவது மூடி இருக்கு பாரு, மத்த அஞ்சும் நூறு மில்லி குடிச்சிருக்கு, அது மட்டும் ஒரு சொட்டும் குடிக்கல. எலக்ட்ரீஷியன் தம்பியை ஹைட்ரோமீட்டரோட வரச் சொல்லிருக்கேன்” என்றார். ஒரு செல் மட்டும் குடிக்காமல் இருந்தால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். வாரன்டி முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. காலண்டர் தாள்களைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே பின் அடித்து வைத்திருக்கிறாராம்.